கோழி முதலாளிக்குப் போர்த்திய பொன்னாடை

உதைபந்தாட்டத்துக்குள் பணம் புகுந்து சாதாரண சனத்தை வெளியே தள்ளிவிட்டது என்று மெல்பேர்னின் ரோவில் பகுதியில் இருக்கும் என் மகன் அடிக்கடி புலம்புவான். அவன் சின்ன வயதிலிருந்து நேசிக்கிற கிளப்பை எங்கேயோ எண்ணெய் விற்கிற ஒருவன் வாங்கிவிட்டானாம். சட்டையின் நிறத்தைக்கூட மாற்றப் போகிறார்களாம். நான் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தால், "உங்களுக்கு இது விளங்காதம்மா" என்று முடித்துவிடுவான்.

எனக்கா விளங்காது? அந்தப் பணம் எங்கள் மைதானத்துக்குள் முதன்முதலாகக் காலடி வைத்தபோது, மாலை போட்டுப் பொன்னாடை போர்த்தி அதை உள்ளே கூட்டிக்கொண்டு வந்ததே நானும் அவனுடைய அப்பாவும்தான்.

எழுபதுகளின் நடுப்பகுதியில், கலியாணம் முடிந்த சூட்டோடு மெல்பேர்னின் மேற்குப் புறநகர் ஒன்றுக்கு வந்து சேர்ந்தேன். அந்தப் பக்கத்தில் தமிழர்களை எண்ணினால் கையில் விரல் மிஞ்சும். என் கணவருக்கு ரயில்வேயில் கட்டட வரைபடம் வரைகிற வேலை. அவர் காலையில் போய்விட்டால் நான் குசினி அடுப்புக்கும் யன்னலுக்கும் இடையில் நடந்துகொண்டிருப்பேன். யாழ்ப்பாணத்தில் என் வாய்க்குப் பயந்து மீன்காரர் எடுத்த எடுப்பிலேயே சரியான விலையைச் சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட வாய், இங்கே வந்து 'தாங்க்யூ', 'சொரி' என்ற இரண்டு சொற்களை மென்றுகொண்டு மாதக்கணக்காகப் பட்டினி கிடந்தது.

இவர் பள்ளிக்கூடக் காலத்தில் உதைபந்தாட்டம் ஆடியவர். ஆடியவர் என்றால், அணியில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் ஆடியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "இஞ்சேரும், வீட்டுக்கை கிடந்து என்னத்தைச் செய்யிறீர்? வாரும், மேட்ச் ஒண்டு பாத்திட்டு வருவம்" என்று கூட்டிக்கொண்டு போனார். அந்த ஊரில் ஃபுட்போல் என்றால் முட்டை வடிவப் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவது. உருண்டைப் பந்தைக் காலால் உதைப்பது வந்தேறிகளின் விளையாட்டு. மோல்ட்டாக்காரர், இத்தாலியர், யூகோஸ்லாவியர் என்று அவரவர் மொழியில் திட்டுவதற்காகவே அந்த மைதானத்தில் கூடுவார்கள். ஒரு பக்கம் தகரக் கூரை, மற்றப் பக்கம் புல்மேடு. கோலுக்குப் பின்னால் கம்பி வேலி. நாங்கள் தெரியாத்தனமாக அந்த வேலியடியில் போய் நின்றோம்.

எனக்கு விளையாட்டின் விதி ஒன்றும் தெரியாது. ஆனால் பந்து உருண்டு உருண்டு கோலை நோக்கி வர, எங்கள் பக்கத்துக் கோல் காப்பாளர் பராக்குப் பார்த்துக்கொண்டு நின்றது தெரிந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. "விடாதை! விடாதை!" என்று வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். மனிதர் திடுக்கிட்டு ஒரு பாய்ச்சல் பாய்ந்தார். பந்து நெஞ்சில் நின்றது. எழுந்து முகத்துச் சேற்றைத் துடைத்தவர், திரும்பி என்னைப் பார்த்துக் கையுறையை உயர்த்தினார்.

வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இந்த நாட்டில் நான் சொன்னதை ஒருவர் காதில் வாங்கி, அதன்படி நடந்தது அதுதான் முதல் தடவை. கட்டின மனுசனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பக்கத்தில் ஒரு மோல்ட்டாக்காரி நின்றாள். கையில் கம்பளி நூலும் பின்னல் ஊசியும், வாயில் நடுவருக்கான வசவும். என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தன் பெரிய தோல்பையைக் காலால் ஒரு பக்கம் தள்ளி எனக்கு இடம் விட்டாள். அன்றிலிருந்து அது என் இடம்.

அவளுடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் சேர்ந்தால் ஒரு முழு வாக்கியம் தேறாது. ஆனாலும் அவள் சொன்னதெல்லாம், பிறகு அந்த மைதானத்தில் மற்றவர்கள் சொன்னதுகூட, எனக்கு யாழ்ப்பாணத் தமிழில்தான் நினைவிருக்கிறது. அவளுடைய வேகமும் குரலும் அப்படி.

ஞாயிற்றுக்கிழமை என்றால் நான் விடியவே எழுந்து வடை சுடுவேன். இத்தாலியன் கடையில் மஞ்சள் பருப்பு கிடைத்தது. ஊரிலிருந்து வந்த மிளகாய்த்தூளைப் பொன்போலச் செலவழித்தேன். ஆட்டம் தொடங்க முன்னர் கோல் காப்பாளர் வேலியடிக்கு வருவார். யூகோஸ்லாவியர். வாரநாளில் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. அவருக்குக் கம்பி ஓட்டைக்குள்ளால் வடை கொடுக்க வேண்டும். முதல் தடவை வடை சிக்கிக்கொண்டு உடைந்து போனது. அதன் பிறகு வேலி ஓட்டைக்கு அளவாக வடை தட்டப் பழகிவிட்டேன். இன்றைக்கும் என் வடை மற்றவர்களுடையதைவிடச் சின்னது. ஆட்கள் அதைக் கஞ்சத்தனம் என்று நினைக்கிறார்கள்.

ஒரு பாதி ஆட்டத்துக்கு எங்கள் ஆள் எங்கள் பக்கம் நிற்பார். அப்போது "விடாதை". மற்றப் பாதிக்கு எதிரணிக் காப்பாளர் வருவார். அப்போது என் வாய் ஆறு நாள் அடக்கி வைத்ததையெல்லாம் அவிழ்த்துவிடும். பாவம், அந்த மனிதர்களுக்கு ஒன்றும் விளங்காது. சிலர் புன்னகைத்துக் கையசைப்பார்கள். திங்கட்கிழமை குசினிக்குத் திரும்பும்போது எனக்கு உடம்பு லேசாக இருக்கும்.

இப்படி இரண்டு மூன்று குளிர்காலம் போனது. அதற்குப் பிறகுதான் கோழி முதலாளி வந்தார்.

கிளப்புக்குக் கடன் கழுத்துமட்டும் ஏறியிருந்ததாம். அவர் அந்தக் கடனைத் தலையில் ஏற்றுக்கொண்டு தலைவரானார். தலைவர் என்பது பத்திரிகைக்கு. உண்மையில் கிளப்பை வாங்கிவிட்டார். உறைகோழி வியாபாரம். நகரத்தில் பாதிப்பேருடைய குளிர்ப்பெட்டியில் அவருடைய கோழிதான் கிடந்தது. அவரும் தென் ஐரோப்பாவில் எங்கிருந்தோ ஒரு பெட்டியோடு கப்பலேறி வந்தவர். அந்தப் பெட்டியைப் பற்றி அவர் சொல்லாத மேடை இல்லை.

அவர் மைதானத்தைப் புதுப்பிக்கப் போகிறார் என்று கதை வந்தது. கோலுக்குப் பின்னாலிருக்கும் வேலியைப் பிடுங்கி, நிற்கிற சனத்தைக் கலைத்து, அங்கே இலக்கம் போட்ட கதிரைகள் வைக்கப் போகிறாராம். மோல்ட்டாக்காரி அந்தச் செய்தியைச் சொன்னபோது பின்னல் ஊசியை நெஞ்சுக்கு நேரே பிடித்திருந்தாள். அந்த வேலியடியை எடுத்துவிட்டால் இந்த நாட்டில் எனக்கென்று மிஞ்சுவது ஒரு குசினியும் ஒரு யன்னலும்தான்.

இவர் மட்டும் கலங்கவில்லை.

"இஞ்சேரும், பெரிய மனுசர் ஒருத்தர் வந்தால் முதல் கௌரவிக்க வேணும். பிறகு மெல்லமா விசயத்தைக் காதிலை போடலாம். ஊரிலை றோட்டுக் கேட்டது, பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் கேட்டது எல்லாம் இப்பிடித்தானே?"

"ஓம், அந்த றோட்டு இன்னும் வந்து சேரேல்லை" என்றேன்.

"அது கட்சி மாறினதாலை."

கேட்டாரா? ஆங்கிலத்தில் வரவேற்புரை எழுதத் தொடங்கிவிட்டார். பொன்னாடைக்கு எங்கே போவது? மெல்பேர்னில் அப்போது சரிகை வைத்த துணி வாங்க ஒரு கடை கிடையாது. இவர் அலுமாரியைத் திறந்து, கலியாணத்தன்று தன் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்தார்.

"கண்டறியாத கௌரவம்! கோழி விக்கிறவனுக்கு எங்கடை கலியாணச் சால்வையோ?"

"வேலி வேணுமோ, சால்வை வேணுமோ?" என்று கேட்டார். நான் சால்வையை உதறி மடித்துக் கொடுத்தேன்.

மாலைக்கு மோல்ட்டாக்காரியின் வளவில் பூத்திருந்த கமேலியாவைக் கேட்டேன். "ஏன், ஆள் செத்துப் போச்சோ?" என்று ஆவலோடு கேட்டாள். அவர்கள் ஊரில் பூவை வட்டமாகக் கட்டினால் அது சவப்பெட்டிக்கு மட்டும்தானாம். உயிரோடிருப்பவருக்கு என்று சொன்னதும் அவளுக்கு ஏமாற்றம். ஆனாலும் கட்டுவதற்குத் தன் கம்பளி நூலைத் தந்தாள்.

அந்த ஞாயிறு, ஆட்டம் தொடங்க முன்னர், எங்களை மைதானத்தின் நடுவுக்கு அழைத்தார்கள். நான் கூறைச்சேலை கட்டி, அதன் மேல் மழைக்கோட்டுப் போட்டிருந்தேன். முதலாளி நல்ல ஆகிருதி. மாலை கழுத்துக்குப் பட்டிபோல இறுக்கமாக இருந்தது. சால்வை ஒரு தோளை மூடினால் மற்றத் தோள் தெரிந்தது. மனிதர் உண்மையாகவே கலங்கிப் போனார். கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்.

இவர் உரையைத் தொடங்கினார்.

எங்கள் ஆட்களுக்கு மேடையில் ஒரு வழக்கம் உண்டு. வேண்டுகோள் கடைசியில்தான் வரும். அதற்கு முன்னர் அவையை விளித்து, வந்தவரை வாழ்த்தி, அவருடைய குலத்தை, குணத்தை, கொடையைப் பாடி முடிக்க வேண்டும். எடுத்த உடனே 'இது வேண்டும்' என்று கேட்பது பட்டிக்காட்டுத்தனம். இவர் விருந்தோம்பலில் தொடங்கினார். உதைபந்தாட்டத்தின் பெருமைக்கு வந்தார். ஏழைகளின் மேசைக்கும் கோழியைக் கொண்டுவந்த கொடைவள்ளல் என்றார். குளிர் காற்றில் காகிதம் படபடத்தது. விளையாட்டுக்காரர்கள் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருந்தார்கள். நடுவர் இரண்டு முறை மணிக்கூட்டைப் பார்த்தார். நான் இவருடைய முதுகில் கிள்ளினேன்.

"ஆகவே, மதிப்புக்குரிய ஐயா, நாங்கள் பணிவோடு முன்வைக்கும் ஒரேயொரு வேண்டுகோள்..."

நடுவர் விசிலை ஊதினார். எல்லோரும் கைதட்டினார்கள். முதலாளி இவரைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். வேலியைப் பற்றிய பத்தி கோட்டுப் பைக்குள் பத்திரமாகத் திரும்பிப் போனது.

அதோடு விட்டதா? அன்றைக்கென்று பார்த்து எங்கள் அணி நாலு கோல் போட்டு வென்றது. பல மாதமாக ஒன்றுக்கே தவித்த அணி. முதலாளி வானத்தைப் பார்த்தார், சால்வையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். மறுநாள் அவருடைய சாரதி எங்கள் வாசலில் ஒரு பெட்டி உறைகோழியோடு நின்றான். இனி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நாங்கள் முதலாளியோடு மேலே, தகரக் கூரைப் பக்கம் அவர் புதிதாகக் கட்டியிருந்த கண்ணாடி அறையில் இருக்க வேண்டுமாம். ஆட்டம் தொடங்க முன்னர் நான் என் கையால் அவருக்குச் சால்வையைப் போர்த்த வேண்டுமாம். அது அதிர்ஷ்டமாம்.

அன்போடு அழைக்கிற மனிதரிடம் வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? எங்கள் வளர்ப்பில் அதற்குச் சொல் இல்லை. போனோம்.

மேலே கம்பளம் விரித்திருந்தது. சூடு காட்டும் பெட்டி இருந்தது. இறாலும் திராட்சை மதுவும் வந்தன. வெள்ளை உடுப்புப் பையன்கள் குனிந்து பரிமாறினார்கள். மிருகத்தோல் கோட்டுப் போட்ட சீமாட்டிகள் பந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வீட்டு விலை நிலவரம் பேசினார்கள். கோல் விழுந்தால் கீழே சனம் போடும் சத்தம் கேட்டு, "ஆர் அடிச்சது?" என்று விசாரிப்பார்கள். ஒருமுறை பந்து எங்கள் கோலுக்குள் போகப் பார்த்தது. நான் என்னை மறந்து, "விடாதை!" என்று எழும்பிவிட்டேன். சீமாட்டிகள் எல்லோரும் ஒரேயடியாக என் பக்கம் திரும்பினார்கள். ஒரு சீமாட்டி என் கையில் தண்ணீர்க் கோப்பையைத் தந்து, உடம்புக்கு என்ன செய்கிறது என்று அக்கறையாகக் கேட்டாள்.

கண்ணாடிக்கு வெளியே கோல் காப்பாளர் திரும்பவில்லை. அவருக்கு எப்படிக் கேட்கும்? கீழே வேலியடியில் மோல்ட்டாக்காரி அண்ணாந்து பார்த்தாள். நான் கையசைத்தேன். அவள் பின்னலைக் குனிந்து பார்த்தாள். இவர் இறால் நிறைந்த தட்டோடு பக்கத்தில் இருந்தார்.

"எவ்வளவு வசதியாயிருக்கு பாத்தீரே" என்றார்.

"வசதிதான். மேட்ச் மட்டும் தெரியேல்லை."

அந்த வருடம் எங்கள் வீட்டில் கோழிக் குழம்பு, கோழிப் பொரியல், கோழிப் புட்டு. வெள்ளிக்கிழமை மரக்கறி நாளில் குளிர்ப்பெட்டியைத் திறக்கவே பயமாக இருந்தது. கீழேயும் எல்லாம் மாறிக்கொண்டு வந்தது. ஊரின் பெயரை வைத்திருந்த கிளப்புக்குக் கோழிக் கம்பனியின் பெயர் வந்தது. சட்டையின் நெஞ்சில் ஒரு சேவல் ஏறியது. எதிரணிக்காரர் நாங்கள் பந்தைத் தொடும்போதெல்லாம் கொக்கரித்தார்கள். இடைவேளையில் சேவல் வேடம் போட்ட ஒருவன் ஓடித்திரிந்தான். வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுவரக் கூடாது என்று வாசலில் பலகை தொங்கியது; உள்ளே மாவுக்குள் கோழி வைத்துச் சுட்ட 'பை' மட்டும் விற்றார்கள். நுழைவுச்சீட்டு விலை ஏற ஏற, புல்மேட்டில் புல் தெரியத் தொடங்கியது.

பிறகு இங்கிலாந்திலிருந்து புதுக் கோல் காப்பாளர் ஒருவரை விலைக்கு வாங்கினார்கள். அவருக்கு வீடு, கார், தலைமுடியைச் சுருட்ட ஆள் எல்லாம் கொடுத்தார்களாம். எங்கள் ஆள் மைதானத்து ஓரத்தில் மர வாங்குப் பலகையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் எனக்குப் பொறுமை போனது.

அடுத்த ஆட்டத்துக்குப் போகும்போதே முடிவு செய்துவிட்டேன். சால்வையைப் போர்த்துகிற நேரம் வந்தது. முதலாளி வழக்கம்போலத் தலையைக் குனிந்து நின்றார். நான் சால்வையைப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

"ஒரு விசயம் கேக்க வேணும். என்ர மனுசன் பேச்சிலை சொல்ல விட்டது. கோலுக்குப் பின்னாலை இருக்கிற அந்த வேலியடியை எடுக்காதேங்கோ. அதை அப்பிடியே விடுங்கோ."

இவர் இறாலை விழுங்க மறந்து நின்றார். முதலாளி நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. என் மேல் இரக்கப்படுவதுபோல இருந்தது.

"அம்மா, நானும் உப்பிடி ஒரு வேலியடியிலை நிண்டனான். மழையிலை, சேத்திலை, ஓட்டைச் சப்பாத்தோடை. கண்ணாடிக்குள்ளை இருந்து பாக்கிறவங்களை அண்ணாந்து பாத்து நிண்டனான். அந்த வேலியடியிலையிருந்து மேலை வாறதுக்குத்தான் இவ்வளவு கோழியும் வித்தனான். இனி ஆரும் நிக்க வேண்டாம். எல்லாரும் கதிரையிலை இருக்கட்டும்."

அந்த மனிதர் எங்களுக்கு நல்லது செய்வதாகவே நம்பினார். கெட்ட மனிதராக இருந்திருந்தால் ஒரு சண்டையாவது பிடித்திருக்கலாம். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"அப்ப நான் போயிட்டு வாறன்" என்று சொல்லி, சால்வையை என் தோளிலேயே போர்த்திக்கொண்டு படியிறங்கினேன். இவர் பின்னால் வரவில்லை. தட்டை யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை என்று பிறகு சொன்னார்.

வேலியடிக்குப் போனேன். மோல்ட்டாக்காரி திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் காலால் பையைத் தள்ளினாள். கொஞ்ச நேரம் கழித்து, "கண்ணாடிக்குப் பின்னாலை நல்லா மெலிஞ்சு போனாய்" என்றாள். இறாலும் கோழியும் தின்று எனக்கு ரவிக்கை போதாமல் இருந்தது. அவளைக் கட்டிப்பிடிக்கலாம்போல இருந்தது.

முதற்பாதியில் எங்கள் அணி இரண்டு கோல் வாங்கியது. முதலாளிக்குக் காரணம் தெரிந்துவிட்டது. முதலில் சாரதி வந்து சால்வையைக் கேட்டான். தரமாட்டேன் என்றேன். பிறகு கிளப்பின் செயலாளர் வந்தார். அவருக்கு மோல்ட்டாக்காரி பதில் சொன்னாள். அதை இங்கே எழுத முடியாது. இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் சனம் விலகி வழிவிட, முதலாளியே வந்தார். பளபளவென்ற இத்தாலியச் சப்பாத்து ஒவ்வொரு அடிக்கும் சேற்றில் புதைந்தது.

"அம்மா, தயவுசெய்து" என்று கையை நீட்டினார்.

அந்த நேரம் பார்த்து எங்கள் அணிக்காரர் ஒருவர் பந்தைக் கொண்டு எதிரணிக் கோலுக்கு வந்தார். அது எங்களுக்கு முன்னாலேயே இருந்தது. முதலாளி சால்வையை மறந்தார். கம்பியை இரண்டு கையாலும் பிடித்தார். கோல் விழுந்தது. அவருடைய வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது அவருடைய சொந்த ஊர்ப் பாஷை. அந்தக் கண்ணாடி அறைக்குள் அவர் அதைப் பேசி நான் கேட்டதே இல்லை. பிறகு அவர் மேலே போகவில்லை. எதிரணிக் காப்பாளரை அவர் ஒரு பாஷையில் திட்ட, மோல்ட்டாக்காரி ஒரு பாஷையில் திட்ட, நான் தமிழில் மிச்சத்தைத் திட்டினேன். பையில் ஒளித்துக் கொண்டுவந்திருந்த வடையை நீட்டினேன். தன்னுடைய பலகையில் தடை செய்திருந்த சாப்பாட்டை மனிதர் யோசிக்காமல் வாயில் போட்டார். மிளகாய் ஏறிக் கண் கலங்கியது. முடிகிற நேரத்தில் இன்னொரு கோல் விழ, சமநிலையில் ஆட்டம் முடிந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு புளுகம், சின்னப்பிள்ளைச் சந்தோசம். மேலே கண்ணாடிக்குள் நான் அதை ஒரு நாளும் கண்டதில்லை.

எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. இனி இந்த மனிதர் வேலியைத் தொடமாட்டார் என்று நினைத்து, நானாகவே சால்வையை எடுத்து அவருக்குப் போர்த்திவிட்டேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கள் சொன்னது சரி. இந்த இடத்திலையிருந்து பாக்கிற மாதிரி வேறை எங்கையும் இல்லை" என்றார். சேற்றுச் சப்பாத்தோடு படியேறிப் போனார்.

அடுத்த பருவம் தொடங்கியபோது வேலி இல்லை. அந்த இடத்தில் படிப்படியாகச் சிவப்புக் கதிரைகள். மைதானத்திலேயே விலை கூடிய இடம் அதுதான் என்று ஆக்கியிருந்தார்கள். வேறெங்கும் இப்படித் தெரியாது என்று முதலாளியே சொன்னாராம்.

எனக்கு மட்டும் ஒரு கதிரை இலவசம். அதுவும் நான் நின்ற அதே இடத்தில், சால்வைக்கு நன்றியாக. இவர் மேலே கண்ணாடி அறைக்குள் போய்விட்டார். போர்த்துகிற உத்தியோகத்தை இப்போது இவர் ஏற்றிருந்தார். தன் கலியாணச் சால்வையைத் தன் கையாலேயே வாராவாரம் இன்னொருவருக்குப் போர்த்துகிற மாப்பிள்ளையை நான் வேறெங்கும் கண்டதில்லை. நான் தனியாகப் போய் என் கதிரையில் உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் முன்பின் தெரியாத ஆட்கள். எனக்கும் கோலுக்கும் இடையில் நீளமாக விளம்பரப் பலகை. அதில் இருந்த சேவலின் கொண்டை சரியாகக் கோல் கோட்டை மறைத்தது. பந்து வருகிற சத்தம் கேட்டது, பந்து தெரியவில்லை. எழுந்து நின்றேன்.

பின்னாலிருந்து சீருடை போட்ட ஒருவன் வந்து என் தோளைத் தொட்டான். "மேடம், இங்கை நிக்கக் கூடாது. கதிரையிலை இருங்கோ."

நான் இருக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

மைதானத்துக்குப் பின்னால் ரயில் பாதையை ஒட்டி ஒரு மண்மேடு இருந்தது. அதில் ஏறினால் மதிலுக்கு மேலால் ஒரு கோல் மட்டும் தெரியும். கதிரைக்குக் காசில்லாதவர்கள் அங்கே நின்றார்கள். மோல்ட்டாக்காரி ஒரு பால் பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல் நின்று பின்னிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பையைக் காலால் தள்ளினாள். அவளுக்கு அந்தப் பக்கம், இறைச்சித் தொழிற்சாலைக் கோட்டோடு, எங்கள் பழைய கோல் காப்பாளர் நின்றார். அவரைப் போன வருடத்தோடு நிறுத்திவிட்டார்களாம். அவருக்கு ஒரு வடை கொடுத்தேன். நடுவில் வேலி இல்லாததால் கையிலேயே கொடுத்தேன்.

தூரத்தில் இங்கிலாந்துக் காப்பாளர் எறும்பளவில் தெரிந்தார். பந்து அவரை நோக்கிப் போனது. 'விடாதை' என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் வாயைத் திறக்கத் தயங்கினேன்.

"இங்கையிருந்து கத்தினால் கேக்குமே?" என்று மோல்ட்டாக்காரியிடம் கேட்டேன்.

"கேக்காது. கத்து."

"விடாதை!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். உள்ளே ஒருவரும் திரும்பவில்லை. பக்கத்தில், வாய்க்குக் கொண்டுபோன வடையை அப்படியே பிடித்தபடி, பழைய காப்பாளர் திடுக்கிட்டு என் பக்கம் திரும்பினார்.